அரிசி டிரம்முக்குள் ஒரு நீலக்கொடுவேலி வேர்: மாமனார் ஏமாந்துவிட்டாரா?

புளியரை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புளியரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரைத் தாண்டி மலை வளைவுகளில் ஏறினால் கோட்டைவாசல், அதற்கப்பால் கேரளம். செடிகொடி தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால், வெட்கத்தை விட்டு ஒரு வீட்டு விஷயத்தைக் கேட்கிறேன்.

போன வாரம் என் மாமனார் ஆரியங்காவு சாஸ்தா கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். ஒரு கையில் பிரசாதம், மறு கையில் கறுப்புப் பாலிதீன் பையில் ஒரு செடி, மடியில் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிய விரல் நீள வேர்த்துண்டு. செடிக்கும் வேருக்கும் சேர்த்து 6,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஓய்வூதியம் கைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

விற்றவன் சாலையோரம் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த ஆளாம். "இது நீலக்கொடுவேலி. இல்லிக்கல் மலை உச்சியில் மட்டும் முளைப்பது. செம்போத்து தன் கூட்டுக்குள் ஒளித்து வைக்கிற வேர் இதுதான். ஆற்றில் விட்டால் தண்ணீரை எதிர்த்துப் போகும். அரிசிக்குள் வைத்தால் அள்ள அள்ளக் குறையாது" என்றானாம். சொன்னதோடு விடவில்லை. அகலமான எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வேர்த்துண்டை மிதக்கவிட்டிருக்கிறான். அது தானாக நகர்ந்து போய்த் தட்டின் அந்தப் பக்க விளிம்பில் முட்டியதாம். "காற்றும் இல்லை, கையும் படவில்லை. என் கண்ணால் பார்த்தேன்" என்று மாமா சத்தியம் செய்கிறார். அவர் முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். பத்திரத்தில் ஒரு சென்ட் நிலம் பிசகியிருந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவர் இப்படி.

இப்போது வேர் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. காலையில் எழுந்ததும் மாமா ஒரு தென்னை ஈர்க்கை அரிசிக்குள் செருகி, நகத்தால் கீறி அடையாளம் வைத்து, அளவு பார்க்கிறார். ஆறு பேர் சாப்பிடுகிற வீடு, குறையாமல் என்ன செய்யும்? கேட்டால், "வேர் இன்னும் வீட்டுக்குப் பழகவில்லை" என்கிறார்.

செடி அழகாகத்தான் இருக்கிறது. வரும்போது ஒரு கொத்துப் பூ இருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடச் சட்டையின் நீலம். ஐந்து இதழ், ஒவ்வோர் இதழின் நடுவிலும் கொஞ்சம் அடர்ந்த ஒரு கோடு. அடியில் மெல்லிய நீளக் குழல். பூவின் கீழே இருக்கும் பச்சைப் பகுதியில் சின்னச் சின்ன முடிகள், தொட்டால் பசைபோல் ஒட்டுகின்றன. என் மகள் இரண்டு பூவைக் கிள்ளிக் காதில் ஒட்டிக்கொண்டு கம்மல் என்று திரிந்தாள். அந்தக் கொத்து உதிர்ந்த பிறகு பூக்கவே இல்லை. இலையின் அடிப்பக்கம் மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. நோயா?

எனக்கு உண்மையான கவலை வேறு. மாமாவுக்கு மூட்டுவலி. வேரைக் கொஞ்சம் உரசி முட்டியில் பூசலாம், ஒரு சிட்டிகை தேனில் குழைத்தும் சாப்பிடலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார். ஐந்து மாதக் கர்ப்பிணியான நாத்தனாரும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அதே அரிசிச் சோற்றைத்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புனலூர்க்காரன் எழுதியது:

அக்கா, பெயரில் பொய் இல்லை. அந்த நீலப்பூச் செடியை எங்கள் பக்கம் மலையாளத்தில் நீலக்கொடுவேலி என்றுதான் சொல்கிறோம். என் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அரிசி மாதாமாதம் ரேஷன் கடையிலிருந்துதான் வருகிறது.

கதை பழையது. செம்போத்துக் குஞ்சின் காலை இரும்புச் சங்கிலியால் கட்டிப்போட வேண்டுமாம். தாய்ப்பறவை எங்கிருந்தோ அந்த வேரைக் கொண்டுவந்து வைக்குமாம், சங்கிலி அறுந்துவிடுமாம். பிறகு கூட்டை அப்படியே எடுத்து ஆற்றில் விட வேண்டும். எல்லாக் குச்சியும் கீழே போக, ஒன்று மட்டும் எதிரேறும். அதை எடுத்து அறைப்புரையில், அதாவது நெல் சேர்த்து வைக்கும் அறையில், வைத்தால் நெல் வற்றாது. நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் அம்மச்சி இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் மறுநாள் செம்போத்துக் கூடு தேடிப் போவேன். அது கூடு கட்டுவது முள்ளும் புதரும் அடர்ந்த இடத்தில். ரத்தக் கீறல்தான் மிச்சம்.

இல்லிக்கல் கல்லு கோட்டயம் மாவட்டத்தில் ஈராற்றுபேட்டையிலிருந்து ஏறிப் போகிற மலை. குடைக்கல்லு, கூனுகல்லு என்று பாறைகள், நடுவில் நரகப்பாலம் என்று ஒரு குறுகலான பாறைவழி. உச்சியில் நீலக்கொடுவேலி இருக்கிறது என்ற பேச்சு அங்கேயும் உண்டு. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். மூடுபனியும், வாடகை ஜீப்பும், கட்டஞ்சாயாவும் பார்த்தேன்.

பண்பொழி நாற்றங்கால் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த வேரை அரிசியிலிருந்து எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். மாமாவுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

எடுத்தாயிற்றா? சரி.

இருபத்தாறு வருடமாகச் செடி விற்கிறேன். காதில் ஒட்டிய கம்மல் என்று நீங்கள் எழுதியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நர்சரிக்காரர்கள் பிளம்பாகோ என்போம். தமிழில் நீலச் சித்திரமூலம், நீலக் கொடிவேலி என்று எழுதுகிறார்கள். முழுப் பெயர் பிளம்பாகோ ஆரிகுலேட்டா. பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க் 1786-இல் வைத்த பெயர். ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது. இலை, தண்டோடு சேரும் இடத்தில் குனிந்து பாருங்கள், சின்னக் காது மடல்போல் இரண்டு இருக்கும். சில பழைய புத்தகங்களில் கேப்பென்சிஸ் என்று இருக்கும், அதுவும் இதுதான்.

இதன் சொந்த ஊர் இல்லிக்கல் அல்ல, தென்னாப்பிரிக்கா. அங்கே கிழக்குக் கேப் மாகாணம், குவாசுலு-நட்டால் பகுதிகளில், முள்ளும் புதரும் பின்னிக்கிடக்கிற காடுகளில் தானாக வளர்கிறது. மொசாம்பிக்கிலும் உண்டு. நிமிர்ந்து நிற்கத் தெரியாத செடி. பக்கத்துப் புதரின் தோளில் சாய்ந்து, அதற்குள்ளே புகுந்து, மேலே வந்து பூக்கும். ஆறேழு அடி உயரம் சாதாரணமாகப் போகும், பிடிமானம் இருந்தால் அதற்கு மேலும். நம் நாட்டில் வெகுகாலமாக இருப்பவை வெள்ளைப் பூ கொடிவேலியும் செங்கொடிவேலியும். செங்கொடுவேரி என்று குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையிலேயே வருகிறது. நீலம், 'கேப் லெட்வர்ட்' என்ற ஆங்கிலப் பெயர் சொல்வதுபோல் தென்னாப்பிரிக்கக் கேப்பிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. வந்த இடத்தில் ஒரு பழங்கதை காலியாக இருந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டது.

உங்கள் மாமாவைத் தனியாகக் குற்றம் சொல்லாதீர்கள். தென்னாப்பிரிக்காவிலும் இதன் குச்சியைக் குடிசைக் கூரையில் செருகி வைத்தால் இடி விழாது என்ற நம்பிக்கை உண்டு. தலைவலிக்கு வேர்ப்பொடியை மூக்குப்பொடி போல் உறிஞ்சுவார்கள், மருவில் தடவுவார்கள், எலும்பு முறிவுக்கும் பயன்படுத்துவார்கள். பிறந்த ஊரில் இடியைத் தடுத்தது, புளியரையில் அரிசியைப் பெருக்க வந்திருக்கிறது.

வேர் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரில் பிளம்பாஜின் என்று ஒரு பொருள் இருக்கிறது, தோலைக் கொப்புளிக்க வைக்கும். எனக்குப் பத்து வயதில், மாடு மேய்க்கப் போன இடத்தில், கூட்டாளி ஒருவன் வெள்ளைக் கொடிவேலி வேரை நசுக்கி என் கெண்டைக்காலில் கட்டிவிட்டான். பச்சை குத்தியதுபோல் அடையாளம் வரும் என்றான். முதலில் சுருசுருவென்றது. ராத்திரி நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. விடிந்தபோது நெல்லிக்காய் அளவுக்கு நீர் கோத்திருந்தது. அடையாளம் வந்தது என்னவோ உண்மைதான், ஐம்பத்து மூன்று வயதிலும் இருக்கிறது. முட்டியில் பூசினால் மூட்டுவலி நிச்சயமாக மறந்துபோகும், எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால். கிளை வெட்டும்போது அதன் சாறு பட்டாலே சிலருக்குச் சிவந்து அரிக்கும். நான் கையுறை போட்டுக்கொள்கிறேன்.

இலையடி வெள்ளை: நோய் இல்லை. இந்தச் செடியின் இலையில் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. வேர் உறிஞ்சிய உப்பை அவை வெளியே தள்ளும். அது காய்ந்து சுண்ணாம்புப் பொட்டுபோல் படியும். நர்சரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்துவிட்டு வேறு செடி கேட்பார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். காய்ந்த தூளாக உதிர்ந்தால் செடியின் குணம். நசுங்கிப் பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி, அப்போது என்னைக் கேளுங்கள்.

பூக்காததற்குக் காரணம், நீங்கள் அதைப் பூஜைப் பொருளாக நிழலில் வைத்திருப்பீர்கள். (கட்டாயம் பூஜை அறை ஜன்னல் பக்கம்தான், இல்லையா?) அதற்கு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். இன்னொன்று, பூ வருவது புதிதாகத் துளிர்க்கிற கிளையின் நுனியில்தான். பழைய கிளையை அழகு பார்த்துக்கொண்டு விட்டுவைத்தால் அடியில் மொட்டைக் குச்சியும் மேலே நாலு பூவும்தான் மிஞ்சும். மழையெல்லாம் ஓய்ந்த தை, மாசியில் பாதிக்குப் பாதி வெட்டிவிடுங்கள், மனம் கல்லாக வேண்டும். வெட்டியதும் மக்கிய சாணம் ஒரு கூடை. யூரியா போட்டால் இலைதான் தழைக்கும். பூத்து முடிந்த கொத்துகளை அவ்வப்போது கிள்ளினால் அடுத்தது சீக்கிரம் வரும்.

புளியரையில் ஒரு சிக்கல் இருக்கிறது, சாரல். வேர் பிடித்த செடி வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. நான் தொழில் தொடங்கிய வருடம் ஆடி மாதத்தில், ஈரக்காற்று அடிக்கிறதே, குச்சி நன்றாகப் பிடிக்கும் என்று இருநூறு குச்சி நட்டேன். பதினொன்று பிழைத்தது. மீதி எல்லாம் அடி கறுத்து, இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உங்கள் வீட்டில் மேற்கு வேலியோரம் இடம் இருந்தால் ஓர் அடி மண்மேடு போட்டு, ஆற்று மணல் கலந்து, அதன்மேல் நடுங்கள். கிளுவை வேலி இருந்தால் இன்னும் நல்லது, சாய்ந்துகொள்ளத் தோள் கிடைக்கும். வரிசையாக வேலி போடுவதென்றால் செடிக்குச் செடி இரண்டரை அடி. தொட்டி என்றால் பெரியதாக, அடியில் ஓட்டை அடைபடாமல். மண்ணில் சுண்ணாம்பு அதிகமானால் இலை மஞ்சளாகும், உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

விதைக்குக் காத்திருக்க வேண்டாம். இந்தச் செடியில் பூ இரண்டு வகை. ஒரு செடியில் சூல்தண்டு (பூவின் நடுவில் இருக்கும் மெல்லிய தண்டு) நீளம், இன்னொரு செடியில் குட்டை. இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால்தான் ஒழுங்காக விதை பிடிக்கும். நாம் எல்லோரும் ஒரே தாய்ச்செடியிலிருந்து குச்சி ஒடித்து ஒடித்துப் பெருக்கியதால் பூ மட்டும் குறைவில்லாமல் வருகிறது. குச்சி எடுப்பது சுலபம். பச்சை நுனியும் வேண்டாம், முற்றிய அடியும் வேண்டாம். வளைத்தால் வளைந்து, கொஞ்சம் அழுத்தினால் முறிகிற நடுப்பகுதியில் ஒரு சாண். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மணலும் மக்கும் கலந்த பையில் நட்டு நிழலில் வையுங்கள். ஒரு மாதத்தில் வேர் விடும். செடி பெரிதானால் அடியிலிருந்து பக்கக்கன்று வரும், அதை வேரோடு பிரித்தும் நடலாம்.

இன்னொன்று, மொட்டுக்குள் சின்னப் புழு இருந்தால் மருந்து அடித்துவிடாதீர்கள். இறக்கையின் அடியில் வரிக்குதிரைபோல் கோடு போட்ட ஒரு குட்டி நீலப் பட்டாம்பூச்சி இருக்கிறது. அது கொடிவேலி வகைகளில் முட்டை வைக்கும். நாலு மொட்டு போனால் போகட்டும்.

என்னிடம் இந்தச் செடி ஒரு பை 50 ரூபாய். இதை மாமாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் எழுதியது:

தட்டில் நகர்ந்த வேர் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். பெரியவர் பார்த்தது உண்மைதான், வேர் நகர்ந்திருக்கும். அதைத் தள்ளியது கற்பூரம்.

லேசான காய்ந்த குச்சியின் ஒரு முனையைக் கீறி அதில் கடுகளவு கற்பூரம் செருகித் தண்ணீரில் விட்டால், அது எதிர்ப்பக்கமாக ஓடும். கற்பூரம் கரைகிற பக்கம் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறையும். முன்பக்கம் இழுவிசை குறையாமல் இருப்பதால் குச்சியை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். காகிதத்தில் படகு வெட்டி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டியிருக்கிறேன். நிச்சலனமான தண்ணீரும் சுத்தமான தட்டும் வேண்டும். அந்த ஆள் ஏன் பக்கத்து ஓடையில் விட்டுக் காட்டாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறான் என்று யோசியுங்கள். அவன் தட்டில் விரலால் ஒரு துளி எண்ணெய் தொட்டு வைத்திருந்தால் நீலக்கொடுவேலி அங்கேயே நின்றிருக்கும்.

தென்காசி சித்த மருத்துவம் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். சித்திரமூலம் எங்கள் மருந்துகளில் உண்டு, சுத்தி செய்யாமல், அதாவது முறைப்படி நச்சுத்தன்மையைக் குறைக்காமல், யாரும் தொடுவதில்லை. அதுவும் வெள்ளைக் கொடிவேலியின் வேர். தோட்டத்து நீலத்தை அதற்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்த வேருக்கு இடமே இல்லை, கருவைக் கலைக்கக்கூடியது. துணியில் சுற்றிச் சில நாள் அரிசிக்குள் இருந்ததற்காகப் பதற வேண்டாம். வேரைச் சுற்றி இருந்த அரிசியை அள்ளிக் கொட்டிவிட்டு, மீதியை நன்றாகக் களைந்து சமையுங்கள். வாத்தியார் சொன்ன கற்பூரம் இருந்தால் அதுவும் வாய்க்குள் போகக் கூடாத பொருள். மாமாவின் மூட்டுவலிக்கு ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள், தேனில் குழைக்க வேண்டாம்.

புளியரை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் மாமா நடைப்பயிற்சிக்குப் போன நேரம் பார்த்துப் பட்டுத் துணியை எடுத்தேன். பிரிப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது, கற்பூரம். வேரின் ஒரு முனையில் பிளேடால் கீறிய ஒரு பிளவு, அதற்குள் வெள்ளையாக ஒரு பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. வேரைச் சுற்றி இருந்த அரிசியைக் கொட்டினேன். கொட்டும்போது மாமா வந்துவிட்டார்.

ஒன்றும் வாதாடவில்லை. வாத்தியார் எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவரே போய்ப் பூஜை மாடத்திலிருந்து ஒரு கற்பூரக் கட்டியும், துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கும் எடுத்து வந்தார். ஈர்க்கை ஓர் அங்குலம் நறுக்கி, முனையைப் பிளந்து, கற்பூரத்தைக் கிள்ளி வைத்துத் தட்டில் விட்டார். ஓடியது. எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டார். மறுபடியும் ஓடியது. மூன்றாவது முறை விரலில் நல்லெண்ணெய் தொட்டுத் தண்ணீரில் வைத்தார். ஈர்க்கு அசையாமல் நின்றுவிட்டது. "6,500 ரூபாய்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் என் மகளைக் கூப்பிட்டு அவளுக்கு விளையாட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார். மதியம் சாப்பாட்டுக்கு இருவரையும் இரண்டு தடவை கூப்பிட வேண்டியதாயிற்று.

பண்பொழி அண்ணாச்சி, செடி பூஜை அறை ஜன்னலில்தான் இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. இலையடியைத் தேய்த்துப் பார்த்தேன், தூளாகத்தான் உதிர்ந்தது. சாயங்காலம் மேற்கு வேலியில் நீங்கள் சொன்னபடி மேடு போட்டு நட்டாயிற்று. மண்வெட்டியை மாமாதான் பிடித்தார். 50 ரூபாய் விஷயத்தை நான் சொல்லவில்லை.

இன்று காலையில் பக்கத்து வீட்டு மதினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன செடி இது, புதிதாக இருக்கிறதே?" என்று கேட்டது சமையலறை வரைக்கும் கேட்டது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தென்னாப்பிரிக்கா" என்றார். "அங்கே இதை இடிதாங்கியாக வைத்திருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான்."